தோற்ற கேப்டன் போடும் துண்டு

அது எந்த வருஷம் என்று எண்ணில் சொல்ல எனக்குத் தெரியாது. ஆரம்பாக்கம் பக்கம் ஏரி உடைந்து, நெல் வயலும் தண்டவாளமும் ஒன்றாகி, மூன்று நாள் ரயில் ஓடாத வருஷம் அது. எங்கள் இரும்புக் கம்பி மில்லில் இரண்டாவது உலை கட்டி முடித்த வருஷம். உன் அக்கா ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து, சிலேட்டை உடைத்துவிட்டு அழுதுகொண்டு வந்த வருஷம். நீ உன் அம்மா வயிற்றில் ஏழு மாதம். அந்தத் தை மாதத்தில் நான் ஒரு மனிதரின் கண்ணை எடுத்தேன். இதை உனக்குச் சொன்னதில்லை. யாருக்குமே சொன்னதில்லை. எனக்கு எழுத்து வராது என்பதால் நான் சொல்லச் சொல்ல உன் அக்காதான் எழுதுகிறாள். இந்த வரியை எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிட்டாள். "இன்னா நைனா சொல்ற?" என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். எழுதும்மா என்றேன். எழுதுகிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ செய்ததை நான் டீக்கடையில்தான் பார்த்தேன், ஒருவர் ஃபோனில். ரெஃப்ரி சிவப்பு அட்டையைத் தூக்குகிறார். நீ நேராகப் போய் உன் நெற்றியால் அவர் மூக்கில் இடிக்கிறாய். அவர் சரிந்த பிறகும் நீ விடவில்லை, முழங்காலை அவர் நெஞ்சில் வைத்து அழுத்துகிறாய். மூன்று பேர் சேர்ந்து உன்னைப் பிடித்து இழுக்கிறார்கள். அவர் வாயில் இருந்த விசில் ரத்தத்தோடு புல்லில் கிடக்கிறது. ஃபோனை வைத்திருந்தவர் அதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டார். "பெரியவரே, ஒம்புள்ள பந்த ஒதைக்கறத வுட ரெஃப்ரிய நல்லா ஒதைக்கறான்" என்றார். கடையே சிரித்தது. அவர்களில் பாதிப் பேருக்கு நீ செய்தது பிடித்துத்தான் இருந்தது. நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை நீ ஃபோன் செய்தாய். வெள்ளிக்கிழமை கமிட்டி முன்னால் விசாரணை, நிரூபணமானால் இரண்டு வருஷம் ஆட முடியாது, உனக்கு முப்பத்தொன்று, அதோடு எல்லாம் முடிந்தது என்றாய். பிறகு குரலைத் தாழ்த்தி அதைச் சொன்னாய். "நைனா, அந்தாளு செத்துப்போன அம்மாவப் பத்தி அசிங்கமா பேசினான்னு சொல்லப்போறேன். கேமராவுல சத்தம் இல்ல. கூட ஆடறவனுங்க ரெண்டு பேர் நாங்களும் கேட்டோம்னு சொல்றானுங்க." உண்மையாகவே பேசினாரா என்று நான் கேட்டேன். நீ சிரித்தாய். நான் ஃபோனை வைத்துவிட்டேன். நான் கோபித்துக்கொண்டேன் என்று நினைத்திருப்பாய். அது கோபம் இல்லை. முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் என் வாயிலிருந்து வந்த பேச்சு உன் வாயிலிருந்து திரும்பி வந்தது போல இருந்தது. அதனால்தான் இந்தக் கடிதம். வெள்ளிக்கிழமைக்குள் உன் கையில் கிடைத்துவிட வேண்டும்.

நான் பந்து ஆடியவன் என்று உனக்குத் தெரியும். எப்படி ஆடினேன் என்று தெரியாது. அப்போது இந்தத் தொழிற்பேட்டையில் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு டீம் இருந்தது. தை மாதத்தில் கப். வெளியிலிருந்து ரெஃப்ரி கூட்டிவர யாருக்கும் வசதி இல்லை. அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். இரண்டு கம்பெனி மோதினால் மூன்றாவது கம்பெனி ஆள் விசில் ஊத வேண்டும். அவர் ஷிஃப்ட் முடித்து யூனிஃபார்மோடு அப்படியே வருவார். அவருக்குக் கூலி கிடையாது. ஆட்டம் முடிந்ததும் ஒரு சோடாவும் ஒரு துண்டும்தான். அந்தத் துண்டைத் தோற்ற டீமின் கேப்டன்தான் அவர் தோளில் போட வேண்டும், ஜெயித்தவன் போடக் கூடாது. தோற்றவன் போட்டால்தான் நீ சொன்னது சரி, நான் ஒத்துக்கொள்கிறேன் என்று அர்த்தம். ரெஃப்ரியும் தலையைக் குனிந்து வாங்கிக்கொள்வார். அதோடு அந்த ஆட்டத்தைப் பற்றி யாரும் பேசக் கூடாது. எத்தனையோ வருஷம் இது நடந்தது. அடிதடிக்கே பேர்போன ஆட்கள் நாங்கள். ஆனாலும் துண்டு விழுந்துவிட்டால் அடங்கிவிடுவோம்.

மில்லில் எங்களை அடக்கி வைத்ததும் விசில்தான். உருளைகளுக்கு நடுவே சிவந்த கம்பி பாம்பு மாதிரி ஓடிக்கொண்டிருக்கும். சில நேரம் வழி தவறி மேலே எகிறும். மேடையில் நிற்பவருக்கு மட்டும்தான் அது முதலில் தெரியும். அவர் ஊதினால் கையில் இருக்கும் இடுக்கியைப் போட்டுவிட்டுப் பின்னால் குதிக்க வேண்டும். ஏன், எதற்கு என்று கேட்க நேரம் இல்லை. சின்னையன் என்று ஒரு பையன், கல்யாணமாகி நாலு மாதம். விசில் கேட்டதும் குதிக்காமல், இன்னாத்துக்கு ஊதுற என்று மேடையைத் திரும்பிப் பார்த்தான். கம்பி அவன் தொடையில் நுழைந்து பின்பக்கமாக வந்தது. காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி ஒரு சத்தம். அவன் கத்தவே இல்லை. அந்த நாற்றம் ஒரு வாரம் எங்கள் சோற்றில் இருந்தது. அதன் பிறகு விசிலுக்கு நாங்கள் எல்லாரும் குழந்தைகள் மாதிரி பயந்தோம், மில்லுக்குள் மட்டும். வெளியே வந்து பூட்ஸ் மாட்டினால் விசில் ஊதுகிறவன் எங்களுக்கு எதிரி.

அந்த வருஷம் ஃபைனலில் நாங்களும் குழாய் கம்பெனியும். கப் வந்தால் டீமில் இருக்கும் கான்ட்ராக்ட் ஆட்களில் நாலு பேரைப் பர்மனென்ட் ஆக்குகிறேன் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அந்த நாலு பேரில் நான் ஒருவன். உன் அம்மாவின் வயிற்றைப் பார்த்துவிட்டு ஆட்டத்துக்குப் போனேன். ரெஃப்ரி பெயின்ட் கம்பெனியில் பாய்லர் பார்ப்பவர். ஒல்லியான ஆள், குரல் மட்டும் பெரிசு. இரண்டு பக்கமும் ஒவ்வொரு கோல், முடிய ஐந்து நிமிஷம் இருக்கிறது. கார்னரிலிருந்து பந்து வந்தது. தலைக்கு எட்டவில்லை. நான் கையால் தட்டினேன், பந்து உள்ளே போனது. பட்டதா படவில்லையா என்று சந்தேகப்படும்படி அல்ல, வேண்டுமென்றே தட்டினேன். எங்கள் ஆட்கள் என் மேல் விழுந்து கட்டிக்கொண்டபோது விசில் கேட்டது. அவர் தன் கையைத் தூக்கித் தட்டிக் காட்டினார். கோல் இல்லை.

நாங்கள் பதினொரு பேரும் அவரைச் சுற்றிக்கொண்டோம். நான் அவர் சட்டையைப் பிடித்து, எங்கே பட்டது காட்டு என்று கேட்டேன். அவர் என் கையைத் தட்டிவிடவில்லை. சத்தமும் போடவில்லை. "கையில பட்டுச்சுப்பா. ஒனக்கே தெரியும்" என்றார். அவ்வளவுதான். பொய்யன் என்றோ ஃப்ராடு என்றோ திட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது. எனக்கே தெரியும் என்று அவர் சொன்னதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அந்த ஃப்ரீ கிக்கிலிருந்து பந்து நேராக எங்கள் கோல் பக்கம் போனது, குழாய் கம்பெனிக்காரர்கள் கோல் போட்டார்கள். தோற்றோம்.

துண்டு போட வேண்டியவன் எங்கள் கேப்டன் ஏகாம்பரம். ஜனம் எல்லாம் சுற்றி நிற்கிறது. ஏகாம்பரம் துண்டை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு மரியாதையாகத்தான் போனான். ரெஃப்ரி தலையைக் குனிந்தார். துண்டு கழுத்தைச் சுற்றியதும் ஏகாம்பரம் இரண்டு முனையையும் பிடித்து முறுக்கினான். இழுத்த இழுப்பில் அவர் முழங்காலில் விழுந்தார். முகம் கறுத்து, நாக்கு வெளியே வந்தது. இரண்டு கையாலும் துண்டைப் பிடித்துக்கொண்டிருந்தார், அதனால் முகத்தை மறைக்க அவருக்குக் கை இல்லை. எங்கள் ஆட்கள் முதுகில் மிதித்தார்கள். விலாவில் ஏதோ ஒடிகிற சத்தம் எனக்குக் கேட்டது. அப்போதெல்லாம் பூட்ஸுக்கு அடியில் தோல் குமிழ் வைத்துச் செருப்பு தைப்பவர்தான் ஆணி அடித்துத் தருவார். என் வலது கால் பூட்ஸில் ஒரு குமிழ் தேய்ந்து, ஆணி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஆட்டத்துக்கு முன்னால் அதைப் பார்த்த இதே ரெஃப்ரி, கல்லில் தட்டி மடக்கிவிட்டு ஆடு, யாருக்காவது பட்டுவிடும் என்று என்னிடம் சொல்லியிருந்தார். நான் மடக்கவில்லை. அந்தக் காலால் அவர் முகத்தில் உதைத்தேன். ஒரே உதைதான். இடது கண். காலை இழுத்தபோது சட்டென்று வரவில்லை.

இந்த இடத்தில் உன் அக்கா எழுந்து வெளியே போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறாள். படிக்கும்போது நீயும் வேண்டுமானால் எழுந்து போ. ஆனால் திரும்பி வந்து படி.

அன்றைக்கே போலீஸ் வந்துவிட்டது. அதற்கு முன்னால் எங்கள் சூப்பர்வைசர் எல்லாரையும் உலைக்குப் பின்னால் உட்காரவைத்துப் பாடம் சொன்னார். ரெஃப்ரி குடித்துவிட்டு வந்தார், தள்ளாடினார், வெளி ஜனம் உள்ளே புகுந்து அடித்தது, கொடி நட்டிருந்த இரும்புக் கம்பியில் அவரே விழுந்தார். எல்லாரும் இதையே சொல்ல வேண்டும். கம்பெனி பேர் வெளியே வராவிட்டால் கப் இல்லாவிட்டாலும் நாலு பேருக்கு வேலை நிச்சயம் என்றார். தடுமாறாமல் பேசுகிறவன் என்று என்னைத்தான் முதலில் அனுப்பினார்கள். நான் இன்ஸ்பெக்டரிடம் ஒரு சொல் பிசகாமல் சொன்னேன். "வாயில கப்புனு நாத்தம் அடிச்சுது சார், நின்னுக்கினு இருக்கவே முடில அவரால" என்று பாடத்தில் இல்லாததையும் நானாகவே சேர்த்தேன். எழுதிய தாளில் கைநாட்டு வைத்தேன். எழுத்து தெரியாதவன், அதில் என்ன இருந்ததென்று எனக்கு எப்படித் தெரியும் என்று ரொம்ப வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் பொய்தான். கைநாட்டு வைப்பதற்கு முன்னால் இன்ஸ்பெக்டர் அதை எனக்கு முழுசாகப் படித்துக் காட்டினார்.

யூனிஃபார்மோடு குடித்துவிட்டு ஊர் முன்னால் விழுந்து கிடந்தார் என்று பெயின்ட் கம்பெனி அவரை வேலையிலிருந்து எடுத்துவிட்டது. அவர் வாழ்நாளில் குடித்ததில்லை என்பது பேட்டைக்கே தெரியும். ஆனால் வேடிக்கை பார்த்தவர்கள் யாரும் சாட்சி சொல்ல வரவில்லை, பதினொரு பேர் ஒரே மாதிரி சொன்னால் அதுதானே நிற்கும். அடுத்த மாதம் நான் பர்மனென்ட் ஆனேன். அதற்கடுத்த மாதம் நீ பிறந்தாய். உன் அம்மா ஆட்டம் நடந்த அன்று சாயந்திரமே பூட்ஸைக் கழுவினாள். கழுவும்போது என்ன பார்த்தாளோ, என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அதைக் கொண்டுபோய் வேலியில் தொங்கவிட்டாள், மறுபடி வீட்டுக்குள் எடுத்து வர விடவில்லை. சாகும் வரையில் நீ பந்து ஆடுவதை அவள் ஒரு நாளும் பார்க்க வந்ததில்லை. அம்மாவுக்குப் பந்து பிடிக்காது என்று நீ நினைத்துக்கொண்டிருந்தாய். அந்த அம்மாவின் பேரைத்தான் வெள்ளிக்கிழமை நீ கமிட்டியில் இழுக்கப்போகிறாய்.

உன்னிடம் இப்போது இருப்பதை உனக்கு வேறு யாரும் கொடுக்கவில்லை, நான்தான் கொடுத்தேன். உனக்கு ஒன்பது வயசு. தெருவில் கிரிக்கெட் ஆடிவிட்டு அழுதுகொண்டு வந்தாய். அவுட்டே இல்லை, அம்பயராக நின்ற பையன் அவுட் கொடுத்துவிட்டான் என்றாய். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். "அழுதுக்கினு வராத. அவன அடிச்சிட்டு வா, அப்புறம் ஊட்டுக்குள்ள வா" என்றேன். கதவையும் சாத்தினேன். நீ போய்க் கருங்கல்லை எடுத்து அந்தப் பையன் மண்டையை உடைத்துவிட்டு வந்து கதவைத் தட்டினாய். உன் சட்டையெல்லாம் அவன் ரத்தம். நான் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கும்மிடிப்பூண்டி பஸ் நிலையம் வரை நடந்து போய்ப் பரோட்டா வாங்கிக் கொடுத்தேன். அவனுக்குப் பதினொரு தையல். அன்றைக்கு நான் உனக்கு இரண்டு அறை விட்டிருந்தால் போன ஞாயிற்றுக்கிழமை அந்த மனிதருக்கு மூக்கு உடைந்திருக்காது. இதை நான் பெருமைக்காகவோ அழுவதற்காகவோ சொல்லவில்லை. எந்தக் கையில் இருந்து எந்தக் கைக்கு வந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும்.

அவரை நான் பிறகு ஒரே ஒரு முறைதான் பார்த்தேன். உனக்குப் பன்னிரண்டு வயசு, பொன்னேரியில் பள்ளிக்கூட டீம்களுக்கு ஆட்டம். நான் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் வாட்ச்மேன் உடுப்பில் ஒருவர் வந்து குந்தினார். இடது இமை ஒட்டிப்போயிருந்தது. என்னைத் திரும்பிப் பார்க்காமலே பேசினார். "ஒம்புள்ளயா?" ஆமாம் என்றேன். "நல்லா ஆடறான். விசில் ஊதனா நின்னுட்றான், பாத்தியா. ஒன்ன மாரி இல்ல." மன்னிப்புக் கேட்க வேண்டியவன், வேறு எதுவும் வாயில் வராமல், டீ சாப்பிடுறீங்களா என்று கேட்டேன். "வேணாம்பா. நீ துண்டு போடாம இருந்தா போதும்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். நிஜமாகவே சிரித்தார். அன்று நீ இரண்டு கோல் போட்டாய். இரண்டாவது கோலுக்கு அவர் கைதட்டினார். நான் கைதட்டவில்லை, எழுந்து வந்துவிட்டேன். அவரிடம் ஒரு வார்த்தை சொல்ல அதற்குப் பிறகும் எனக்கு எத்தனையோ வருஷம் இருந்தது. பொன்னேரிக்குப் பஸ்ஸில் போனால் அரை மணி நேரம்கூட ஆகாது. நான் போகவில்லை.

ரெஃப்ரிக்கு மரியாதை கொடு என்று எல்லாரும் உன்னிடம் சொல்லியிருப்பார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன், எனக்கு அந்தத் தகுதி இல்லை. எனக்குத் தெரிந்தது இதுதான். மைதானத்தில் இருபத்திரண்டு பேருக்கும் அவரவர் ஆள் உண்டு. விசில் வைத்திருப்பவருக்கு யாரும் கிடையாது. நாம் நிற்போம் என்று நம்பித்தான் அவர் தனியாக உள்ளே வருகிறார். அவர் ஊதியது தப்பாகவே இருக்கட்டும், உனக்கு ஒரு கோல் போகும், ஒரு கப் போகும். நீ கை வைத்தால் அந்த ஆளுக்கு என்ன போகும் என்பதை நான் கிட்டத்தில் நின்று பார்த்தவன். அடித்ததைவிடப் பெரிசு அதற்குப் பிறகு சொல்கிற பொய். கண் போனதும் அவர் ஒரு வேலை தேடிக்கொண்டிருக்க முடியும். குடிகாரர் என்று நான் கைநாட்டு வைத்த பிறகு இந்தப் பேட்டையில் எந்தக் கேட்டும் அவருக்குத் திறக்கவில்லை. நீ சொல்லப்போகிற பொய்யும் அதே வேலையைத்தான் செய்யும். செத்துப்போன பொம்பளையைத் திட்டினவர் என்ற பேரோடு அந்த மனிதர் இனி எந்த மைதானத்துக்குப் போவார்? அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கும். அவர்கள் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும்.

அதனால் வெள்ளிக்கிழமை நீ உள்ளதைச் சொல். நான் இடித்தேன், அவர் ஒன்றும் பேசவில்லை என்று சொல். இரண்டு வருஷம் என்பார்கள், உன் ஆட்டம் முடிந்துவிடும், எனக்குத் தெரியும். முடியட்டும். உனக்கு இரண்டு கால் இருக்கிறது, வேறு எங்கேயாவது நடக்கும். நீ பொய்தான் சொல்லப்போகிறாய் என்றால் இதையும் கேட்டுக்கொள். விசாரணைக்கு நான் வருவேன். திங்கட்கிழமை காலை ஃபோனில் நீ என்னிடம் சொன்னதை ஒரு சொல் பிசகாமல் அவர்களிடம் சொல்லுவேன். தடுமாறாமல் பேசத் தெரிந்தவன் நான். பெற்ற பிள்ளைக்கு எதிராக இப்படிச் செய்வானா என்று நினைக்காதே. உன் அக்காவிடம் கேட்டேன், கூட வருவாயா என்று. "வர்றேன் நைனா. ஆனா மொதல்ல நீ போய்ட்டு வா" என்றாள். அவள் எதைச் சொல்கிறாள் என்று எனக்குப் புரிந்தது.

நாளைக் காலை நாஷ்டா முடிந்ததும் நான் கண் போன அந்த மனிதரைப் பார்க்கப் போகிறேன். என் கைநாட்டு பொய் என்று அவரிடம் சொல்வதற்கும், அவர் வரச் சொன்னால் அப்படியே ஸ்டேஷனுக்குப் போய் அதையே சொல்வதற்கும். இனிமேல் அதனால் அவருக்கு ஒன்றும் திரும்பாது. ஆனாலும் அவர் காதில் விழ வேண்டும். அன்றைக்கு எந்தக் கால் உதைத்தது, எப்படிப் பொய் கட்டினோம் என்று அறிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். ஏகாம்பரம் ஈரல் கெட்டுச் செத்தான், கடைசி வரை துண்டு போட்டுக்கொள்ள மாட்டான். கோல்கீப்பர் லோகநாதன் உலை வெடித்ததில் போனான், அள்ளிக் கொடுத்தது ஒரு சாக்கில் அடங்கிவிட்டது. மீதி எட்டுப் பேரில் மூன்று பேரைக் கொரோனா கொண்டுபோனது, மற்றவர்களைச் சர்க்கரையும் நெஞ்சு வலியும் ரயிலும். பாடம் சொன்ன சூப்பர்வைசர் இல்லை, எழுதிய இன்ஸ்பெக்டர் இல்லை. பூட்ஸைக் கழுவிய உன் அம்மாவும் இல்லை. என்னை விட்டால் இன்னும் உயிரோடு இருப்பவர் ஒருவர்தான். உன் அக்காவோடு கம்பெனி வேனில் வரும் பெண் அவர் தெருக்காரி, விசாரித்துச் சொன்னாள். ஆரம்பாக்கத்தில் இருக்கிறார், எழுபத்தெட்டு வயசு, காது கொஞ்சம் மந்தம், கண் ஒன்றுதான், நடமாட்டம் இருக்கிறது. பேர் வேதாசலம்.